வானம் திக்கிய நாள்

நிறத்தைத் தீட்டாமல் விட்டாலும் வானம் திக்கியது. அதுதான் திருப்புளிக்குப் பிடிபடவில்லை.

நட்சத்திர மண்டபத்தின் நடுவில், தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். வெளியே காலை வெயில். உள்ளே கதவைச் சாத்தியிருந்ததால், தலைக்கு மேலே குவிமாடம் முழுக்க ராத்திரி. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தன. நகர்ந்தன என்றால், ஆறு ஓடுவதைப் போல இல்லை. ஓர் அடி வைத்து, நின்று, யோசித்து, இன்னோர் அடி. தூக்கத்தில் மாடிப்படி இறங்குகிறவரைப் போல.

நிறம் தீட்டுவது கூடுதல் வேலை, அதனால் திணறுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நியாயமான சந்தேகம்தானே? நிறத்தைக் கண்டுகொள்ளாதே, எல்லாவற்றையும் வெள்ளையாகவே போடு என்று நிரலில் எழுதிப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் வந்தன. ஆனாலும் திக்கின. நிறம் என்ற பேச்சே இல்லாத போன வாரத்து நிரலைப் போட்டால், எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு போகிறது. அவளுடைய பட்டறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் புது நிரலை, நிறத்தோடு போட்டால், அதுவும் வழுக்கிக்கொண்டு போகிறது. மண்டபத்தின் வானத்தை ஓட்டும் இந்தச் சின்னப் பலகைக் கம்ப்யூட்டரில் மட்டும் திக்கல்.

மின்சாரம் போதவில்லையோ என்று வயரை மாற்றினாள். சூடோ என்று விசிறி வைத்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. பழுது என்றால் எங்காவது தப்பு வரவேண்டும். இங்கே ஒரு நட்சத்திரம்கூட இடம் தவறவில்லை. தப்பே இல்லாத தாமதம்.

திருப்புளி என்பது மாமியார் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில், கொண்டையில் ஸ்க்ரூடிரைவரை, அதாவது திருப்புளியை, செருகிக்கொண்டு வீட்டு ரேடியோவைப் பிரித்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் நிலைத்துவிட்டது. அன்று பிரித்த ரேடியோவும் இன்றுவரை நன்றாகப் பாடுகிறது.

போன வாரம், காட்சியின் நடுவில், மண்டபத்தின் பழைய கம்ப்யூட்டர் கடைசி மூச்சை விட்டது. வானம் அணைந்து, கூட்டம் இருட்டில் கூச்சல் போட்டது. மண்டபத்தை நடத்தும் அறக்கட்டளை கையை விரித்தது. அப்போது திருப்புளிதான் சீட்டுக்கட்டு அளவிலான ஒரு பச்சைப் பலகையைக் கொண்டுவந்து மாட்டினாள். முழுக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே பலகைக்குள் அடங்கியிருந்தது.

"இத்துனூண்டா?" என்று மாமியார் கேட்டார். "இதுக்குள்ள வானமே அடங்குமா?"

"அடங்கும் அத்தை. விலையும் இத்துனூண்டுதான்."

விலை குறைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாராவது கேட்டால் திருப்புளிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். செயலி எனப்படும் கம்ப்யூட்டரின் மூளைக்குத் தெரிந்த கட்டளைகள் கொஞ்சம்தான். இதை எடு, அதைக் கூட்டு, அங்கே வை. எந்தக் கட்டளையை எப்படிச் சொன்னால் புரியும் என்கிற அந்தத் தொகுப்பு, பெரும்பாலும் ஏதாவது ஒரு கம்பெனியின் சொத்து. அந்தத் தொகுப்பை வைத்துச் செயலி செய்ய வேண்டுமென்றால் காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்ற தொகுப்போ பொதுச் சாலை மாதிரி. யாரும் நடக்கலாம், யாரும் வண்டி ஓட்டலாம், சுங்கம் கிடையாது. சாலையின் வரைபடமும் எல்லோர் பார்வைக்கும் திறந்தே இருக்கும். இந்தப் பலகையின் செயலி அந்தச் சாலையில் வந்தது.

கதவு கொஞ்சம் திறந்து, ஒரு கீற்று வெயிலோடு கணவன் உள்ளே வந்தான். கையில் இரண்டு டம்ளர் டீ. இருட்டில் உட்கார்ந்து வானத்தைக் காட்டிக் கதை சொல்வது அவன் வேலை. காட்சிக்கு வருகிறவர்கள் அவனை வானத்தார் என்பார்கள்.

"இன்னும் திக்குதா?"

"திக்குதுங்க."

அவனும் பக்கத்தில் படுத்துக்கொண்டான். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அந்தத் தயங்கும் வானத்தைப் பார்த்தார்கள். டீயின் ஆவி, வானத்தைக் காட்டும் கருவியின் ஒளிக்குள் புகுந்து, மேகம் மாதிரி எழும்பியது.

"அது திக்குறப்போ நான் கொஞ்சம் வேகமா பேசி மறைச்சிடவா?"

"நீங்க வேகமாவா? வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே பாதி பேர் கொட்டாவி விடுறாங்க."

"அது கொட்டாவி இல்லடி. சொக்குறாங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாலைக் காட்சிக்கு அறக்கட்டளைச் செயலாளர் வருகிறார். அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வெறும் வெள்ளைப் புள்ளிக்கு இனிமேல் யாரும் வரமாட்டார்கள், நிறம் வேண்டும், தடங்கல் கூடாது. முடியாவிட்டால் ஒரு கம்பெனியிடம் ரெடிமேட் வானப் பெட்டியை வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். அதில் படத்தோடு பதிவு செய்த குரலும் சேர்ந்தே வரும். பிறகு வானத்தாருக்கு இந்த மண்டபத்தில் வேலை இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்," என்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் அவன். ஏனோ வானத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்தக் கம்பெனியின் ஆள், மதியத்துக்கு முன்பே வந்துவிட்டாள். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த மாமியார், நீலச் சட்டையில் வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏ திருப்புளி! நம்ம வாண்டு வந்திருக்கா, யூனிஃபார்ம் எல்லாம் போட்டு!"

"அம்மா, நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன். வாண்டுன்னு கூப்பிடாத."

"சரிங்க மேடம். டிக்கெட் எடுத்துட்டு உள்ள போங்க."

"அம்மா!"

"பின்ன என்னடி? அண்ணன் பொழப்புல மண்ணு போட வந்துட்டு, ஓசியில உள்ள போகணுமா?"

வாண்டு, வானத்தாரின் தங்கை. டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். கருவி அறையில் அண்ணியைப் பார்த்ததும் கைப்பையை மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் கேட்டு வாங்கல அண்ணி. இந்த ஏரியா என் தலையில விழுந்துடுச்சு."

"தெரியும் வாண்டு. தண்ணி குடிக்கிறியா?"

"எங்க பெட்டி வந்துட்டா, நீங்க இப்படித் தரையில படுத்துக் கெடக்க வேண்டாம் அண்ணி. முதுகெல்லாம் தூசி பாருங்க."

"உங்க பெட்டி திக்கினா?"

"போன் பண்ணா ஆள் வருவாங்க."

"உள்ள என்ன இருக்குன்னு நான் திறந்து பார்க்கலாமா?"

வாண்டு தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். "அது சீல் வச்சிருக்கும் அண்ணி."

அதற்குள் வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். மதியக் காட்சி. திருப்புளி வேறு வழியில்லாமல் பழைய வெள்ளை வானத்தைப் போட்டுவிட்டு, ஆட்களை உட்காரவைக்க ஓடினாள்.

மண்டபத்தில் ஒவ்வொரு பெஞ்சிலும் நான்கு இடம். பிள்ளைகளை டீச்சர் நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வானப் படம் கொடுத்து அழைத்து வந்திருந்தார். பெஞ்சுக்கு ஒரு குழு. கச்சிதமான ஏற்பாடு. ஆனால் அவர்களுக்கும் முன்னால், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு தபால்காரர் டிக்கெட் எடுத்திருந்தார். மாமியார் அவரை முதல் பெஞ்சின் முதல் இடத்தில் உட்காரவைத்தார். அவர் பக்கத்திலிருந்தே பிள்ளைகளையும் வரிசையாக அடுக்கினார்.

அவ்வளவுதான். முதல் குழுவில் மூன்று பேர் முதல் பெஞ்சில், ஒருத்தி இரண்டாவது பெஞ்சில். இரண்டாவது குழுவில் மூன்று பேர் இரண்டாவது பெஞ்சில், ஒருத்தன் மூன்றாவதில். கடைசிவரை அப்படியே. ஒரு குழுகூட ஒரே பெஞ்சில் இல்லை.

"மிஸ், படம் அவகிட்ட இருக்கு!"

"எங்க ஆளு பின்னாடி போயிட்டான் மிஸ்!"

திருப்புளி ஒவ்வொரு குழுவாகப் போனாள். முன் பெஞ்சில் மூன்று பேரை எண்ணி, பின் பெஞ்சுக்கு நடந்து நாலாவது ஆளைத் தேடி, படத்தை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த குழுவுக்கு நகர்ந்தாள். யாரும் தொலையவில்லை, எல்லாக் குழுவும் சரியாக இருந்தது. ஆனால் வானத்தார் மைக்கைப் பிடித்துக்கொண்டு எப்போது ஆரம்பிப்பது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அத்தை, தபால்காரர் பக்கத்துல மூணு இடத்த சும்மா விட்டிருந்தா இந்தக் கூத்தே இல்லையே?"

"மூணு இடம் காலியா? என் ஹால்லயா?" மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "கூட்டமே வரலன்னு பார்க்கிறவன் நினைப்பான். நெருக்கி உட்காரவச்சாத்தான் ஹாலு நிறைஞ்சு தெரியும்."

ஒருவழியாக விளக்குகள் மங்கின. திருப்புளி கடைசிப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கண்ணைத் திறந்துகிட்டே தூங்கப் போறோம்," என்று வானத்தாரின் குரல் இருட்டுக்குள் விரிந்தது. "இப்ப உங்களுக்கு மேல கூரை இல்ல. கூரை இருந்ததா ஒரு ஞாபகம் மட்டும்தான் இருக்கு. அதையும் மெதுவா விட்டுடுங்க..."

நேற்றிலிருந்து தூங்காதவள் அவள். குரல் போர்வை மாதிரி இழுத்து மூடியது. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில், மேலே இருந்த புள்ளிகளும் கீழே இருந்த தலைகளும் ஒன்றாகக் கலந்தன. பெஞ்சுகள் வானத்தில் மிதந்தன. ஒவ்வொரு பெஞ்சிலும் நான்கு நட்சத்திரங்கள் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முன்னால் ஒரு சிவப்பு நட்சத்திரம், தோளில் பையோடு, தனியாக. அது உட்கார்ந்த பிறகு மற்ற எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போய்விட்டன. ஒரு பெண் இருட்டில் பெஞ்சு பெஞ்சாக நடந்து, பிரிந்த நட்சத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தவறவிடவில்லை. ஆனால் எத்தனை மெதுவாக நடக்கிறாள்!

யார் அது? திருப்புளி எட்டிப் பார்த்தாள். கொண்டையில் திருப்புளி.

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். காட்சி முடியும்வரை காத்திருக்கவில்லை. குனிந்தபடியே கருவி அறைக்கு ஓடினாள்.

வாண்டு, கதவோரம் நின்று அண்ணன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி, பேயப் பார்த்த மாதிரி?"

"என்னையே பார்த்துட்டேன். இங்க வா, காட்டுறேன்."

திரையில் நட்சத்திரக் கோப்பைத் திறந்தாள். சொல்லும்போதே அவள் குரலில் அந்தப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டரோட நினைவகத்த வரிசையா அடுக்கின டிராயர்னு வச்சுக்க. ஒரு டிராயருக்கு நாலு அறை. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு எண். ரெண்டு எண் அது எங்க இருக்குன்னு சொல்லும், ஒண்ணு எவ்வளவு பிரகாசம்னு, இன்னொண்ணு அதோட பேர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் சரியா நாலு அறை வேணும். அதாவது ஒரு எண், ஒரு டிராயர். போன வாரம் அப்படித்தான் இருந்துச்சு. செயலி ஒரு தடவ இழுத்தா ஒரு எண் முழுசா கையில வந்துடும்."

"சரி."

"முந்தாநாள் நிறத்த சேர்த்தேன். சிவப்பா, நீலமா, மஞ்சளான்னு சொல்ல ஒரே ஒரு எழுத்து. அதுக்கு ஒரு அறை போதும். அத ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னாடி வச்சேன். இடத்த வீணாக்கக் கூடாதுன்னு உங்கம்மா மாதிரியே நெருக்கி அடுக்கிட்டேன்."

வாண்டு திரையைப் பார்த்தாள். மெல்ல விரல் நீட்டினாள். "அப்ப இந்த எண் பாதி இந்த டிராயர்லயும் பாதி அடுத்த டிராயர்லயும்..."

"அதேதான்! முதல் நட்சத்திரம் ஒரு அறை தள்ளிப் போச்சு, ரெண்டாவது ரெண்டு அறை, மூணாவது மூணு. நாலாவது தற்செயலா நேரா உட்காரும், மறுபடி அஞ்சாவதுலேர்ந்து கோணல். நான் நிறத்த தீட்டினாலும் தீட்டாட்டியும் அந்த எழுத்து அங்கயே உட்கார்ந்திருக்கு. அதான் வெள்ளையா போட்டப்பவும் திக்கிச்சு."

"ஆனா பெரிய கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சுன்னீங்களே?"

"அந்தச் செயலிக்கு ரெண்டு டிராயர ஒண்ணா இழுக்க கை இருக்கு. இது சிக்கனமான செயலி. எண் ரெண்டு டிராயர்ல பிரிஞ்சிருந்தா, வேலைய அப்படியே நிறுத்திட்டு, அடியில இருக்கிற ஒரு உதவி நிரலக் கூப்பிடும். அது ஒவ்வொரு அறையா பொறுக்கி, ஒட்டி, 'இந்தா உன் எண்ணு'ன்னு குடுக்கும். விடை சரியாத்தான் இருக்கும். நேரம்தான் போயிடும். கொஞ்சம் முன்னாடி நான் பெஞ்சு பெஞ்சா ஓடினேனே, அந்த மாதிரி."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது, இப்பதான் நினைச்சேன். நிஜமான்னு பார்த்துடலாம்."

பலகையின் அடித்தள நிரலும் யாரும் படித்துப் பார்க்கத் திறந்த ஒன்றுதான். அதன் பக்கங்களை இணையத்திலிருந்து இறக்கி, உதவி நிரல் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தாள். யாரோ, எங்கோ, முகம் தெரியாத ஒருவர் எழுதியது. நேராக உட்காராத எண்களை இங்கே சேர்க்கிறோம் என்று மேலே ஒரு குறிப்பும் போட்டிருந்தார். தன்னை எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் ஒரு வரியை அதில் சேர்த்தாள். மதியக் காட்சி முடிந்து பிள்ளைகள் இரைச்சலோடு வெளியேறியதும், வண்ண வானத்தை ஓட்டினாள்.

எண்ணிக்கை எகிறிக்கொண்டே போனது. கடைசி இலக்கங்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடின.

"அடேயப்பா," என்றாள் வாண்டு. "பாவம் அந்த உதவி நிரல்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்போது வாண்டுவின் போன் அடித்தது. திரையில் கம்பெனியின் பெயர். எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

"அண்ணி, அண்ணன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"எத?"

"ரெடிமேட் வானத்துக்கு ரெடிமேட் குரல் வேணுமில்ல? அண்ணன் குரலத்தான் கேட்டிருக்கோம். ஒரே தடவ பதிவு பண்ணிட்டா போதும், எல்லா ஊர் மண்டபத்துலயும் அதுவே ஓடும். போன வாரமே பேசியாச்சு. யோசிச்சு சொல்றேன்னாரு." வாண்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க ராப்பகலா கஷ்டப்படுறதப் பார்த்தா, சொல்லியிருக்க மாட்டார்னு தோணுச்சு."

எனக்குத் தெரியும் என்று காலையில் வானத்தைப் பார்த்துச் சொன்னவன். அவனிடம் போய் இப்போதே கேட்கலாம். கேட்டால் மாலைக் காட்சி போய்விடும்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையை எடுத்தாள். வேலை கையைப் பிடித்துக்கொண்டது.

நிரல் மாறி, நட்சத்திரக் கோப்பும் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தபோது, வெளியே மாமியாரின் குரல் கேட்டது.

"வாங்க செயலாளர் சார். டிக்கெட்டா? உங்களுக்கு எதுக்கு? சரி, நீங்களா குடுத்தா வேண்டாம்னு சொல்வேனா?"

மாலைக் காட்சிக்கு மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. செயலாளர் கடைசிப் பெஞ்சில், கருவி அறையின் வாசலை ஒட்டி உட்கார்ந்தார். வாண்டு அவருக்கு அடுத்து உட்காராமல், அண்ணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

விளக்குகள் அணைந்தன.

முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் தாழ்வாக, தணல் மாதிரி ஒரு சிவப்பு. அதற்கு மேலே பனிக்கட்டி நீலம். பிறகு மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, வெள்ளை. அவை வந்து நின்ற பிறகுதான், இத்தனை நாளும் பார்த்தது சாம்பல் என்று திருப்புளிக்குப் பட்டது.

வானம் நகரத் தொடங்கியது.

ஒரு தயக்கமும் இல்லை. யாரோ உறங்கும் குழந்தையை எழுப்பாமல் தொட்டிலை ஆட்டுவது போல, குவிமாடம் முழுவதும் ஒரே சீராகச் சரிந்தது. வாண்டு திரையை எட்டிப் பார்த்தாள். உதவி நிரலின் எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது. யாரும் அதைக் கூப்பிடவில்லை.

"அந்தச் சிவப்பு வயசானது," என்றான் வானத்தார். "எரிஞ்சு எரிஞ்சு ஆறிப்போய்க்கிட்டிருக்கு. நீலம் இளசு. கொதிக்குது. ஆனா ரெண்டும் ஒரே ராத்திரியில, ஒரே மாதிரி அமைதியா தெரியுது பாருங்க..."

அவன் குரலும் வானமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின. ஒரு குழந்தை தூக்கத்தில் ஏதோ கேட்டது. அவன் நிறுத்தி, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். பதிவு செய்த குரல் நின்று பதில் சொல்லுமா? திருப்புளி இருட்டில் அவன் இருக்கும் திசையைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை இன்று ராத்திரி கேட்கத்தான் போகிறாள். இப்போது மட்டும், இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செயலாளர் வெகுநேரம் அண்ணாந்தே இருந்தார். பிறகு வாசல் பக்கம் சாய்ந்து, கிசுகிசுத்தார்.

"அடுத்த மாசமும் இந்தப் பலகையே ஓடட்டும்மா. வாடகைப் பெட்டி வேண்டாம்." வாண்டு பெருமூச்சு விட்டாள். அது வருத்தமா நிம்மதியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. செயலாளர் திருப்புளியிடம் தொடர்ந்தார்: "காலையில வானம் திக்குதுன்னு சொன்னாங்களே, என்ன பண்ணுனே?"

திருப்புளியும் கிசுகிசுத்தாள்.

"ஒவ்வொரு நட்சத்திரத்தோட நிற எழுத்துக்குப் பின்னாடியும் மூணு அறைய காலியா விட்டேன் சார். இப்ப எல்லா எண்ணும் ஒரே டிராயருக்குள்ள முழுசா உட்காருது. செயலி ஒரே இழுப்புல எடுத்துக்குது."